புதுப்பிப்பு: பெரியவருக்குத் தாராவியில் அறை கிடைத்துவிட்டது

மும்பை மாட்டுங்கா நடைபாதையிலும் பிறகு இரவுக் காப்பகத்திலும் இருந்த திருநெல்வேலிப் பெரியவருக்கு வாடகை அறை பிடிக்க வழி கேட்டிருந்தேன், நினைவிருக்கும். தாராவியில் ஒரு மாடி அறைக்குக் குடிபோய்விட்டார். யோசனை சொன்னவர்களுக்கு நன்றி.

டெபாசிட்டைப் பலர் சேர்ந்து போட்டோம், அது சுலபமாக முடிந்தது. இழுத்தது ஒப்பந்தம்தான். "பதிவெல்லாம் எதுக்கு, வாய்ப்பேச்சு போதாதா?" என்றார் வீட்டுக்காரர். மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999, 55-ஆம் பிரிவின்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் ஆக வேண்டும். பதியும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. பதியாமல் விட்டு நாளை தகராறு வந்தால், வேறுவிதமாக நிரூபிக்காதவரை, குடியிருப்பவர் சொல்லும் நிபந்தனைதான் எடுபடும். இதைப் பக்குவமாகச் சொன்னதும் 11 மாத லீவ் அண்ட் லைசென்ஸ் (குறிப்பிட்ட காலம் குடியிருக்க அனுமதி தரும் ஒப்பந்தம்) பதிவாகிவிட்டது. அந்தத் தாளை வைத்து ஆதாரில் முகவரி மாற்ற வேண்டும், அப்புறம் ரேஷன் கார்டு.

இப்போது சிக்கல் வேறு. கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் படுத்தால் அவருக்குத் தூக்கம் வரவில்லையாம். சாயங்காலமானால் காப்பகத்துக்கே போய்ப் பழைய ஆட்களோடு பேசிவிட்டு வருகிறார். "வீடு கொடுத்தும் அங்கேயே போறாரே" என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். போகட்டுமே! வருஷக்கணக்காக அவருக்கு இருந்த அக்கம்பக்கம் அதுதானே. பக்கத்து அறை அக்கா மட்டும் "அண்ணாச்சி, சாப்டீங்களா?" என்று தினமும் எட்டிப் பார்க்கிறார்.

பாத்திரம், பாய் எல்லாம் சேர்ந்துவிட்டது, இனி அனுப்ப வேண்டாம். ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் அவரோடு உட்கார்ந்து பேச முடிந்தவர்கள் சொல்லுங்கள்.