காந்தத்தில் ஒட்டும் ஹோல்டரைப் போன் தானே அடையாளம் காணுமா?

கொருக்குப்பேட்டைக்காரன்
ஒட்டியிருப்பது பைக் ஹோல்டரா, மேசை ஸ்டாண்டா என்று போன் தானே அறிந்து, அதற்கேற்ப வரைபடத்தையோ கடிகாரத்தையோ திறக்க வேண்டும். 2020இல் ஐபோன் 12இல் ஆப்பிள் இதற்காக என்.எஃப்.சி.யையும் (ஹோல்டரில் உள்ள சிப்பை அருகிலிருந்தே வானொலி அலையால் படிக்கும் முறை) காந்த உணரியையும் (திசைகாட்டிக்காகக் காந்தப்புலத்தை அளக்கும் கருவி) சேர்த்தே வைத்தது. காந்த உணரி மட்டும் போதும் என்கிறேன் நான். சிப் இல்லாவிட்டால் நம் பர்மா பஜாரில் விற்கும் மலிவு ஹோல்டருக்கும் இந்த வசதி கிடைக்கும். சென்னையில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லாதான். போனின் முதுகில் ஒட்டும் காந்தம் அதைச் சுலபமாக மிஞ்சிவிடும். துருவத்தையும் இடத்தையும் மாற்றி வைத்தால் உணரி அளக்கும் மூன்று அச்சுகளிலும் (போனின் நீளம், அகலம், தடிமன்) வேறு வேறு எண்கள் வரும்.

எண்ணூர் சாலை
அண்ணா, எங்கள் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கின்றன. அத்தனை இரும்புக்கு நடுவில் திசைகாட்டியே தடுமாறும். அதை நம்பியா ஹோல்டரை அடையாளம் காண்பது?

கொருக்குப்பேட்டைக்காரன்
தம்பி, போனைக் கையில் வைத்துத் திருப்பிப் பாருங்கள். லாரியின் புலமும் பூமியின் புலமும் போனின் அச்சுகளில் மாறிக்கொண்டே இருக்கும். ஒட்டிய காந்தம் போனோடு சேர்ந்தே திரும்புவதால் அதன் பங்கு மட்டும் அசையாமல் நிற்கும். இரண்டையும் பிரிக்க அதுவே போதும். ஆனால் ஆண்ட்ராய்டில் அளவுத்திருத்தம் செய்த எண்ணை எடுக்கக் கூடாது. ஒட்டிய காந்தத்தைப் பிழை என்று கருதி அது கழித்துவிடும்! திருத்தாத எண் 2013இல் வந்த 4.3 பதிப்பிலிருந்தே கிடைக்கிறது.

எண்ணூர் சாலை
பைக்கில் மாட்டிய பிறகு யார் போனைத் திருப்பப் போகிறார்கள்? வண்டி திரும்பினால் அதன் இரும்பும் கூடவே திரும்புகிறது. உங்கள் கணக்கில் அதுவும் 'அசையாத பங்கு'தான். வண்டிக்கு வண்டி வேறு எண் வரும். போதாததற்கு, உணரி இருக்கும் இடம் மாடலுக்கு மாடல் மாறுகிறது. போனைச் செருகி முப்பரிமாணக் காட்சி பார்க்கும் அட்டைக் கண்ணாடியான கூகுள் கார்ட்போர்டு 2014இல் காந்தத்தைப் பொத்தானாக வைத்தது. மறு ஆண்டே அதைக் கைவிட்டு, திரையைத் தொடும் பொத்தானுக்கு மாறியது. அந்தப் பாடம் போதாதா?

கொருக்குப்பேட்டைக்காரன்
வண்டி இரும்பைப் பற்றிச் சொன்னது சரியான கேள்வி. அதனால்தான் ஹோல்டருக்குத் தொழிற்சாலையிலேயே குறித்துத் தரும் எண் வேண்டாம் என்கிறேன். வாங்கியவர் தன் வண்டியில் ஒருமுறை மாட்டி, 'இது பைக்' என்று பெயர் வைக்கட்டும். மாடல் சிக்கலும் அதோடு தீரும்.

காசிமேடு அலை
எங்கள் கவலை வேறு. படகு நிற்கும்போது ஜி.பி.எஸ். இடத்தைச் சொல்லும், முனை எந்தப் பக்கம் என்று சொல்லாது. அப்போது போனின் திசைகாட்டிதான் துணை. முதுகில் காந்தம் ஒட்டியிருந்தால் அது தவறான திசையைக் காட்டுகிறது. ஒட்டியதை அடையாளம் கண்டால் அதன் பங்கைக் கழித்துத் திசையைச் சரியாகக் காட்ட முடியுமா?

எண்ணூர் சாலை
ஐயா, அதை மட்டும் நம்பாதீர்கள். காந்தத்துக்கு மிக அருகில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தாலே புலம் வெகுவாக மாறும். ஹோல்டரின் காந்தம் வளையமாக இருந்தால் ஒட்டிய இடத்திலேயே சுழலவும் செய்யும். அதைத் தடுக்கத்தான் ஆப்பிள் வளையத்துக்குக் கீழே தனியாக ஒரு காந்தப்பட்டை வைத்தது. வரைபடம் தவறாகத் திறந்தால் மூடிவிடலாம். கடலில் திசை தவறினால்? ஹோல்டரிலிருந்து போனைக் கழற்றிவிட்டுத் திசை பாருங்கள்.

கொருக்குப்பேட்டைக்காரன்
கடல் விஷயத்தில் நானும் அதையே சொல்வேன். ஆனால் 'காந்தம் ஒட்டியிருக்கிறது, திசையை நம்ப வேண்டாம்' என்று போன் எச்சரிக்கலாம் அல்லவா? அதற்கு எந்த ஹோல்டர் என்றுகூடத் தெரிய வேண்டியதில்லை.