தக்காளி நாற்று துவண்டு போகிறது, தண்ணீர் ஊற்றியும் நிமிரவில்லை

கேள்வி:
வணக்கம். விதை போட்டுச் செடி வளர்ப்பது எனக்கு இதுதான் முதல் தடவை. சின்னச் சின்ன பிளாஸ்டிக் கப்புகளில் 12 தக்காளி விதை போட்டேன், 9 முளைத்தன. இன்றோடு 16 நாள், மிச்சம் இருப்பது 4 மட்டும். அதிலும் ஒன்று நேற்றுக் காலையிலிருந்து துவண்டு கிடக்கிறது. தண்டு நூல் மாதிரி நீண்டு ஜன்னல் பக்கமே சாய்கிறது, வித்திலை (முளைத்ததும் முதலில் விரியும் இலை) இரண்டும் மஞ்சளாகிவிட்டன, நடுவில் ஒரு ஜோடி குருத்து விட்டு அப்படியே நிற்கிறது. தென்னை நார்க்கழிவு பாதி, மண்புழு உரம் பாதி கலந்திருக்கிறேன். காலை மாலை இரண்டு வேளையும் தண்ணீர். துவண்டதைப் பார்த்துப் பயந்துபோய் நேற்று கூடுதலாகவே ஊற்றினேன். சத்து போதவில்லையோ? 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது) கையில் இருக்கிறது, கரைத்து ஊற்றலாமா?

பதில் 1:
உரத்தை இப்போதைக்குத் தொடவே தொடாதீர்கள். இந்த வயதில் நாற்றுக்குத் தேவையான சத்து கொஞ்சம்தான், அதற்கு நீங்கள் கலந்த மண்புழு உரமே தாராளம்.

எனக்குத் தண்ணீர் மேல்தான் சந்தேகம். வேருக்கும் காற்று வேண்டும். கலவை சதா ஊறிக் கிடந்தால் வேர் மூச்சு முட்டிப் போய்த் தண்ணீரை உறிஞ்ச முடியாமல் இலை வாடும், பார்ப்பதற்குத் தாகத்தில் வாடியது போலவே இருக்கும், நாமும் பதறி இன்னும் ஊற்றுவோம். நார்க்கழிவு மேலே காய்ந்து வெளுத்துத் தெரியும், அடியில் பிழிந்தால் சொட்டும், அதனால் மேல்பரப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கப்பைக் கையில் தூக்கிப் பாருங்கள். காய்ந்த கலவை நிரப்பிய இன்னொரு கப்பை மறு கையில் வைத்துக்கொண்டால் வித்தியாசம் உடனே தெரியும்.

அப்புறம், கப்பின் அடியில் ஓட்டை போட்டீர்களா? செத்துப்போன 5 செடியும் எப்படிப் போயின?

பதில் 2:
அந்த 5 செடியும் மண் மட்டத்தில் தண்டு சுருங்கி, நீர் கோத்த மாதிரி ஆகி, ராத்திரியோடு ராத்திரியாகச் சாய்ந்திருந்தால் அது நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா மாதிரிக் கிருமிகளால் வருவது, ஈரம் அதிகமானால் வேகமாகப் பரவும். சாய்ந்த செடியைக் காப்பாற்ற வழி கிடையாது, கலவையோடு அப்புறப்படுத்துங்கள், அந்தக் கலவையை மறுபடி விதைக்கப் பயன்படுத்த வேண்டாம். நிற்பவற்றுக்குக் காற்றோட்டம் கொடுங்கள்.

தண்டு நீள்வதற்குக் காரணம் வெளிச்சக் குறைவு. ஜன்னல் வெளிச்சம் நம் கண்ணுக்குப் போதும், நாற்றுக்குப் போதாது. காலை வெயிலில் முதல் நாள் ஒரு மணி நேரம் வைத்து, ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஒரேயடியாக உச்சி வெயிலில் வைத்தால் இலை வெளுத்துக் கருகிவிடும். அடுத்த முறை மண்புழு உரத்தைக் கால் பங்குக்கு மேல் சேர்க்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஓட்டை போட்டிருந்தேன், ஆனால் கீழே வைத்த தட்டில் தண்ணீர் தேங்கியே இருந்திருக்கிறது, நான் கவனிக்கவே இல்லை. துவண்ட செடியைப் பிடுங்கிப் பார்த்தேன், வேர் வெள்ளையாக இல்லை, பழுப்பாகி வழவழவென்று விரலோடு உரிந்து வந்தது. தண்டும் நீங்கள் சொன்ன அதே இடத்தில்தான் ஒடுங்கியிருந்தது. ஆசையாக வளர்த்தது, மனசு கேட்கவில்லை. மிச்சம் 3. தட்டை எடுத்துவிட்டேன், கப் கனமாகத்தான் இருக்கிறது, லேசாகும்வரை ஒரு சொட்டுகூட ஊற்றப் போவதில்லை. நீண்ட தண்டை என்ன செய்வது?

பதில் 1:
தக்காளியில் அது ஒரு பிரச்சினையே இல்லை. மண்ணுக்குள் போகும் தண்டிலிருந்து புது வேர் விடும் செடி அது. ஆனால் இப்போதே மாற்றாதீர்கள், வேர் ஏற்கெனவே நொந்திருக்கிறது. இன்னும் ஒரு ஜோடி இலை வரட்டும், பெரிய தொட்டிக்கு மாற்றும்போது வித்திலை வரைக்கும் தண்டைப் புதைத்து நடுங்கள். அதுவரை ஒரு குச்சியை முட்டுக் கொடுத்து வையுங்கள், கட்ட வேண்டாம், சாய்ந்து நின்றால் போதும். மஞ்சளான வித்திலை இனிப் பச்சையாகாது, தானாக உதிரும், கிள்ள வேண்டாம். நடுக்குருத்து மட்டும் பச்சையாக இருக்கிறதா என்று தினம் பாருங்கள்.