உதவி: பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் எரிகிறது, ஹெட்லைட்டும் மங்கல். அவசரம்

மலைக்கோட்டைவாசி | வியாழன் இரவு 9.40
எல்லோருக்கும் வணக்கம். அம்பாசிடரில் பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் லேசாக எரிகிறது. ஹெட்லைட்டும் ரொம்ப மங்கல். பல்பெல்லாம் புதுசுதான், ஃபியூஸும் பார்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மதுரை போய்விட்டு ராத்திரி திரும்ப வேண்டும். என்ன கோளாறு என்று யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

ஆயில்கை | 9.52
எந்த மாடல் சார்? மார்க் 2-ஆ, 3-ஆ, நோவாவா? எந்தப் பக்க இண்டிகேட்டர்? முன்னாடியா, பின்னாடியா?

நெல்லைச்சீமை | 10.05
பேட்டரிதான் சார். எனக்கும் இப்படித்தான் மங்கலாக எரிந்தது. பேட்டரி மாற்றினேன், பளிச்சென்று ஆகிவிட்டது. டெர்மினலில் வெள்ளைப் பூப்பு இருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவிப் பாருங்கள்.

பழைய வண்டி பிரியன் | 10.11
பேட்டரி வீக்காக இருந்தால் பிரேக்குக்கு இண்டிகேட்டர் ஏன் எரிய வேண்டும்? டெயில் லாம்ப் பல்பைக் கழற்றிப் பாருங்கள். எரியும் கம்பியிழை இரண்டு உள்ள 21/5 வாட் பல்பில் (பிரேக்குக்கு 21, டெயிலுக்கு 5) பக்கவாட்டுப் பின் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்காது, ஒன்று மேலே, ஒன்று கீழே. ஹோல்டர் தேய்ந்திருந்தால் திருப்பிப் போட்டாலும் அழுத்தத்தில் உட்கார்ந்துவிடும். அப்போது பிரேக் வெளிச்சமும் டெயில் வெளிச்சமும் இடம் மாறும். நான் பார்த்த பத்து வண்டியில் நாலு இதுதான்.

டெஸ்ட்லாம்ப் | 10.30
இப்படிக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது, தம்பி. பலமுறை சொல்லியாகிவிட்டது. வண்டி வருஷம், பார்க்கிங் லைட் போட்டிருக்கும்போதா போடாதபோதா, எஞ்சின் ஓடும்போதா நிற்கும்போதா, மீட்டரில் எத்தனை வோல்ட். இந்த நாலும் இல்லாமல் கேள்வி போடுவது, ஜுரம் என்று டாக்டருக்கு போன் செய்துவிட்டு வயதைக்கூடச் சொல்லாமல் இருப்பது போல. 300 ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கிறது. முதலில் ஒன்று வாங்குங்கள்.

ஆயில்கை | 10.38
அண்ணே, அவர் அவசரத்தில் இருக்கிறார், விடுங்கள். சார், சமீபத்தில் வண்டியில் வேறு ஏதாவது வேலை பார்த்தீர்களா?

மலைக்கோட்டைவாசி | வெள்ளி காலை 7.15
மன்னிக்கவும். 1976 மார்க் 3, அப்பா வண்டி. இடதுபக்கம் முன்னாடி இண்டிகேட்டர்தான் லேசாக எரிகிறது. பார்க்கிங் லைட் போடாமல் பிரேக் மிதித்தால் டெயில் லாம்பும் மினுக்கென்று எரிகிறது. வேலை என்றால் போன மாதம் டிங்கரிங், பெயிண்டிங் முடித்தோம். அதற்கும் லைட்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று எழுதவில்லை.

டெஸ்ட்லாம்ப் | 7.40
சம்பந்தம் அதில்தான் இருக்கிறது. இடதுபக்க டெயில் லாம்புக்கு எர்த், அதாவது கரண்ட் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் வழி, கிடைக்கவில்லை.

பிரேக் மிதித்ததும் கரண்ட் 21 வாட் இழைக்குள் வருகிறது. இழையைத் தாண்டி ஹோல்டர் வழியாக பாடிக்கு இறங்க வேண்டும். லாம்பைப் பிடிக்கும் ஸ்க்ரூவுக்கும் பாடிக்கும் நடுவில் புது பெயிண்ட் உட்கார்ந்திருப்பதால் இறங்க வழியில்லை. அதனால் அதே பல்பில் உள்ள 5 வாட் இழைக்குள் பின்பக்கமாக நுழைந்து, டெயில் லைட்டுக்கு வரும் சிவப்பு வயரில் ஏறி, வலதுபக்க டெயில் லாம்ப், முன் பார்க்கிங் பல்பு, நம்பர் பிளேட் பல்பு என்று எங்கே நல்ல எர்த் இருக்கிறதோ அங்கே போய் இறங்குகிறது. டெயில் மினுக்குவது இதனால்தான். பின் இண்டிகேட்டர் பல்புக்கும் அதே லாம்புக் கூட்டில்தான் எர்த். அதன் இழை வழியாகப் பின்னோக்கிப் போன கரண்ட் முன் இண்டிகேட்டரை எரிய வைக்கிறது.

சோதிப்பது சுலபம். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். ஒரு முனை ஹோல்டர் தகட்டில், இன்னொரு முனை டிக்கிக்குள் பெயிண்ட் இல்லாத இரும்பில். பிரேக்கை ஒருவர் மிதிக்கட்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டது.

கடற்கரைச்சாலை | 9.02
இவ்வளவு தலைவலி எதற்கு? எல்லாவற்றையும் எல்இடியாக மாற்றிவிடுங்கள். கரண்டும் குறைவு, வெளிச்சமும் அதிகம்.

பழைய வண்டி பிரியன் | 9.20
எர்த் இல்லாமல் எல்இடி மட்டும் எப்படி எரியும்? அதோடு இண்டிகேட்டரை மினுக்க வைக்கும் பழைய ஃபிளாஷருக்குள் இருப்பது சூடானால் விரியும் உலோகம். 21 வாட் பல்பு இரண்டு இழுக்கும் மூன்றரை ஆம்பியரில்தான் அது சூடாகி விட்டுவிட்டு எரியும். எல்இடி போட்டால் சூடே ஏறாது, டிக் டிக் சத்தமும் வராது. வேறு ஃபிளாஷர் போட வேண்டும்.

கடற்கரைச்சாலை | 9.31
எலக்ட்ரானிக் ஃபிளாஷர் வாங்க எவ்வளவு நேரம் ஆகும்? இருட்டில் பின்னால் வரும் லாரிக்காரனுக்கு என் பிரேக் லைட் தெரிய வேண்டும். ஒரிஜினல், ஒரிஜினல் என்று உயிரைப் பணயம் வைக்க முடியாது.

பழைய வண்டி பிரியன் | 9.44
சிவப்புக் கண்ணாடிக்குள் வெள்ளை எல்இடி போட்டால் இளஞ்சிவப்பாகத்தான் தெரிகிறது. சுத்தமான எர்த் கொடுத்த 21 வாட் பல்பு பகலிலும் தெரியும். இந்த வண்டியை ஓட்டி வளர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த மஞ்சள் வெளிச்சமும் வண்டியில் ஒரு பாகம்தான்.

நெல்லைச்சீமை | 10.10
இரண்டு பேரும் தனிப் பதிவு போட்டுப் பேசுங்கள். ஹெட்லைட் மங்கலுக்கு நான் இன்னும் பேட்டரி என்றுதான் சொல்வேன். பேட்டரியை சார்ஜ் செய்ய பழைய டைனமோ உள்ள வண்டி என்றால் ஐடிலிங்கில், அதாவது நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும்போது, சார்ஜும் ஏறாது.

ஆயில்கை | 10.25
ஹெட்லைட் பல்பு புதுசு என்றாரே. சார், எத்தனை வாட்?

மலைக்கோட்டைவாசி | மாலை 6.50
மீட்டர் வாங்கிவிட்டேன். ஹோல்டரில் 4.6 வோல்ட். ஹெட்லைட் பல்பு 100/90 வாட் (பிரைட் 100, டிம் 90). எஞ்சின் ஓடாமல் பேட்டரியில் 12.5, ஹெட்லைட் போட்டுப் பல்பு முனையில் பார்த்தால் 10.4.

டெஸ்ட்லாம்ப் | 7.15
இப்போதுதான் பேச முடிகிறது. 4.6 என்றால் எர்த் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. லாம்பைக் கழற்றுங்கள். ஸ்க்ரூ உட்காரும் இடத்தை உப்புத்தாள் போட்டு இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேயுங்கள். பல் வாஷர் போட்டு முறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். முடிந்தால் ஹோல்டரிலிருந்து டிக்கி பாடிக்கு ஒரு கறுப்பு வயர் தனியாகக் கொடுங்கள். பெயிண்ட், துரு எது வந்தாலும் அது காப்பாற்றும்.

ஹெட்லைட் வேறு கதை. 90 வாட் இரண்டு பல்பு 15 ஆம்பியர் இழுக்கும். அது முழுவதும் டாஷ்போர்டு சுவிட்சையும், பிரைட், டிம் மாற்றக் காலில் மிதிக்கும் டிப்பர் சுவிட்சையும், ஐம்பது வருஷ வயரையும் தாண்டி வருகிறது. வழியில் 2 வோல்ட் போனால் வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும். பத்து நிமிஷம் எரியவிட்டு டிப்பரைத் தொட்டுப் பாருங்கள், சுடும். பிரைட்டுக்கு ஒன்று, டிம்முக்கு ஒன்று என இரண்டு ரிலே போடுங்கள். டிப்பரின் சிறு கரண்டில் இயங்கி, பல்புக்கான பெரிய கரண்டைப் பேட்டரியிலிருந்து நேராக விடும் சுவிட்ச் அது. அதன் முனைகளில் எண் இருக்கும்: பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் வயர் 30, பல்புக்கு 87, டிப்பரிலிருந்து வரும் வயர் 86, எர்த் 85. அதுவரை 60/55 பல்பு போட்டு ஓட்டுங்கள். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு 100/90-இல் போக வேண்டாம்.

ஆயில்கை | 7.32
ஹெட்லைட் பக்கெட் (பல்பு உட்காரும் கூடு) எர்த்தையும் அப்படியே பார்த்துவிடுங்கள் சார். முன்னாடியும் பெயிண்ட் அடித்திருப்பார்கள்.

மலைக்கோட்டைவாசி | ஞாயிறு காலை 5.20
எர்த்தேதான். ஸ்க்ரூவுக்கு அடியில் பெயிண்ட் கெட்டியாக இருந்தது, சுரண்டி வயரும் கொடுத்துவிட்டேன். இப்போது 0.1. இண்டிகேட்டர் எரியவில்லை, பிரேக் லைட் அப்பா காலத்தில் இருந்த மாதிரி இருக்கிறது. டிப்பர் நிஜமாகவே சுட்டது, 60/55 மாட்டிவிட்டேன். ரிலே திரும்பி வந்த பிறகு போடுகிறேன். கிளம்புகிறோம். எல்லோருக்கும் நன்றி.

பழைய வண்டி பிரியன் | 8.05
சந்தோஷம். பல்பு பின் சரியாக உட்கார்ந்திருந்ததா என்று மட்டும் சொல்லுங்கள்.

ஆயில்கை | புதன் இரவு 9.10
சார், மதுரை போய் வந்தாயிற்றா? ரிலே போட்ட பிறகு பல்பு முனையில் எத்தனை வோல்ட் வருகிறது?