காற்றேற்றியா, காற்றடிப்பியா?

எல்லோருக்கும் வணக்கம்.

ரயருக்குக் காத்து அடிக்க வாகனத்தோடேயே கொண்டுபோகிற சின்னப் பொறிக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று இங்கே பேசிக்கொண்டிருக்கிறோம். இதுவரை நாலு பெயர் வந்திருக்கிறது: காற்றடிப்பி, காற்றூதி, காற்றடைப்பி, வளியமுக்கி. நான் காற்றேற்றி என்கிறேன். முல்லைத்தீவுப் பக்கம் அளம்பில் கரையில் அந்தச் சாமான் இல்லாமல் என் தொழில் ஓடாது, அதனால் காரணத்தை அங்கிருந்தே சொல்கிறேன்.

கரைவலை இழுக்கிறவர்களின் கடற்கரைக் கொட்டில்களான வாடிகளில் மீன் ஏற்றப் பிக்கப்பைக் கரைக்கே இறக்குவேன். தார் ரோட்டில் என் ரயர்களில் காற்று 32 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்ற அளவு) இருக்கும். காய்ந்த மணலில் அப்படியே இறங்கினால் கொஞ்ச தூரத்திலேயே சில்லு புதைந்துவிடும். ஆகவே மணலுக்கு முன்னாலேயே நிறுத்தி, வால்கட்டை (ரயருக்குக் காற்றுப் போகிற வால்வு) மூடிகள் நாலையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, 18 வரை இறக்குவேன். ரயர் தளர, நிலத்தில் படுகிற இடம் நீளும், பாரம் பரவும், மணல் தாங்கும். அதற்கும் கீழே நன்றாக இறக்கினால், வெட்டித் திருப்பும்போது ரயர் றிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். திரும்பி ரோட்டுக்கு ஏறியதும் நாலுக்கும் பழையபடி ஏற்றியாக வேண்டும். தளர்ந்த ரயரோடு வேகமாக ஓடினால் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறி வெடிக்கலாம்.

ஆக, எங்கள் வேலை இறக்குவதும் ஏற்றுவதும்தான். சொல்லும் அந்தச் சோடியில் வந்தால் நல்லது: காற்றேற்றி, காற்றிறக்கி. பற்றரிக்கு மின்னேற்றி என்று ஏற்கெனவே சொல்லுகிறோம், அதோடும் இது ஒத்துப்போகிறது.

காற்றடிப்பி மக்கள் வாயிலிருந்து வந்த சொல், மறுக்கவில்லை. சைக்கிள் கடையில் 'காத்து அடியுங்கோ அண்ணை' என்றுதான் கேட்கிறோம். ஆனால் கடற்கரையில் காத்து அடிக்குது என்றால் அது வாடையோ சோளகமோ கச்சானோ என்கிற பருவக்காற்று, படகை இழுத்துக் கட்ட வேண்டிய சங்கதி. அந்த இடத்தில் இந்தச் சொல் தடுமாறும். காற்றூதி பலூனோடு போகட்டும். வளியமுக்கியில் வேறு சிக்கல். பிறெஷர் என்பது எங்கள் இலங்கைப் பாடநூலில் அமுக்கம், தமிழகத்து நண்பர்களுக்கு அது அழுத்தம். எங்களுக்கோ அழுத்தம் என்றால் மின்சாரப் பாடத்தில் வோல்ற்றில் அளக்கிற அழுத்த வேறுபாடுதான் நினைவுக்கு வரும். வாகனம் திருத்துகிற கராச்சில் தாங்கியோடு நிற்கிற பெரிய பொறிக்கு அந்தப் பெயரை வைத்துக்கொள்வோம்.

காற்றடைப்பிதான் என்னை யோசிக்க வைத்தது. பந்துக்குக் காற்று அடைப்பது நல்ல தமிழ். ஆனால் ஓட்டை விழுந்த ரயருக்குள் ஊற்றுகிற பசைத்திரவம் ஒன்று இருக்கிறதே, ஓட்டையை அடைப்பது அதுதான். அடைப்பி என்ற பெயர் அதற்கே பொருந்தும். இரண்டும் ஒரே பெட்டிக்குள் கிடக்கிறவை, பெயர் மாறினால் வில்லங்கம்.

எதைப் பார்த்து வாங்குவது என்று தங்கை ஒருவர் கேட்டிருந்தார். பெட்டியில் பெரிதாக 150 பி.எஸ்.ஐ. என்று போட்டிருப்பார்கள், அதைப் பார்க்க வேண்டாம். எங்களுக்கு வேண்டியது 35க்குள். நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் என்பதே முக்கியம், அதை ஏற்றுவீதம் என்போம். அடுத்தது, நிறுத்தாமல் எத்தனை நிமிடம் ஓடும் என்பது, ஏற்றுநேரம். ஒரு சொல் நல்லதா என்பதை அது எத்தனை சொற்களை ஈனுகிறது என்பதை வைத்தும் பார்க்கலாம்.

என் முதல் காற்றேற்றி சிகரெட் லைற்றர் துளையில் குத்துகிற வகை. அந்தத் துளையின் பியூஸ் பெரும்பாலும் 10 முதல் 15 அம்பியர், 12 வோல்ற்றில் கணக்குப் பார்த்தால் 120 முதல் 180 வாற்றுக்கு மேல் இழுக்க முடியாது. மூன்றாவது ரயரில் பொறி சூடேறித் தானாக நின்றுவிட்டது. குழாயின் பித்தளை முனையைக் கழற்றப் போய் விரல் சுட்டது. பின்னால் ஐஸ் உருக, பெட்டியிலிருந்து மீன் தண்ணீர் மணலில் சொட்டிக்கொண்டிருந்தது. பொறி ஆறும்வரை அரை மணித்தியாலம் காத்திருந்தேன். இப்போது வைத்திருப்பது பற்றரியில் நேரே கவ்வுகிற வகை. எஞ்சினை ஓடவிட்டுத்தான் ஏற்றுவேன். குழாய் பின்சில்லு வரை எட்ட வேண்டும், வாங்கும்போதே அளந்து பாருங்கள். பொறியை மணலில் வைக்காமல் சாக்கின்மேல் வையுங்கள். மணலை உறிஞ்சினால் உள்ளே தேய்ந்துவிடும்.

போன கிழமை வாடியில் நின்ற பெடியனிடம், 'தம்பி, அந்தக் காற்றேற்றியை எடு' என்று சொல்லிப் பார்த்தேன். எது என்று கேட்கவில்லை, எடுத்து வந்தான்.

வால்கட்டைக்கு மட்டும் தயவுசெய்து புதுச்சொல் தேட வேண்டாம். அது எங்கள் சைக்கிள் காலத்திலேயே தமிழாகிவிட்டது.