ஒவ்வொரு ஷோவுக்கும் செட்லிஸ்ட்டை மாத்தணுமா, கூடாதா?

நாலு கம்பி:

எல்லாருக்கும் வணக்கம். சென்னையில ஒரு சின்ன ராக் பேண்டுல பேஸ் வாசிக்கிறேன். செட்லிஸ்ட்டை, அதாவது ஒரு ஷோவுல வாசிக்கிற பாட்டு வரிசையை, ஒவ்வொரு தடவையும் மாத்தணுமாங்கிறதுல எங்க டிரம்மருக்கும் எனக்கும் கொஞ்ச நாளா வாக்குவாதம். இங்க மேடை வேலை தெரிஞ்சவங்க இருக்கீங்கன்னு தெரியும், அதான் கேட்கிறேன்.

அமெரிக்க மெட்டல் பேண்டு மெட்டாலிகா 2023 ஏப்ரல்ல ஆம்ஸ்டர்டாம்ல 'எம்72'ங்கிற டூரை ஆரம்பிச்சப்போ ஒரு விதி வச்சாங்க. ஒரு ஊர்ல ரெண்டு ராத்திரி வாசிச்சா, முதல் ராத்திரி வந்த ஒரு பாட்டுகூட ரெண்டாம் ராத்திரி வரக்கூடாது. ஏப்ரல் 27-ஆம் தேதியும் 29-ஆம் தேதியும் போனவங்க ரெண்டு வேற வேற ஷோ பார்த்தாங்க. பெரிய பேண்டுன்னா இப்படித்தான் இருக்கணும்னு நான் சொல்றேன்.

எங்க டிரம்மர் அயர்ன் மெய்டன்ங்கிற பிரிட்டிஷ் மெட்டல் பேண்டோட பக்தர். அவங்க ஒரு டூர்னா முதல் ஊர்லேர்ந்து கடைசி ஊர் வரைக்கும் அநேகமா ஒரே வரிசை. "செதுக்கி வச்ச ஷோவை எதுக்குடா கலைக்கணும்?"னு கேட்கிறார். முதல் ஷோ முடிஞ்சு கூட்டம் கலையறதுக்குள்ள செட்லிஸ்ட்.எஃப்எம் வெப்சைட்ல முழு வரிசையும் வந்துடுது. அடுத்த ஊர்க்காரனுக்கு அப்புறம் என்ன ஆச்சரியம் மிச்சம் இருக்கும்? எனக்கு இது உண்மையிலேயே உறுத்துது. நீங்க என்ன சொல்றீங்க?

மேடை வெளிச்சம்:

தம்பி, நான் லைட்டிங் ஆள். கல்லூரி விழாவிலிருந்து ஸ்டேடியம் வரை கன்சோலுக்குப் பின்னால் நின்று தலை நரைத்தவன். மாற்ற வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் எதை வைத்து மாற்றுவது என்பதில் உங்களோடும் ஒத்துப்போகவில்லை, உங்கள் டிரம்மரோடும் ஒத்துப்போகவில்லை.

முதலில் வேலை நடக்கும் விதம். எல்லாம் கம்ப்யூட்டரில் ஓடுவதால்தான் வரிசையை மாற்ற முடியவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. டிரம்மரின் காதுக்குள் இருக்கும் இயர்போனில், தாளம் பிசகாமல் இருக்க, க்ளிக் சத்தம் ஓடும். க்ளிக் ஓடுகிற அதே கம்ப்யூட்டர் என் கன்சோலுக்கும் எல்இடி திரைக்கும் டைம்கோட் அனுப்பும்; எந்த நொடியில் எது நடக்க வேண்டும் என்று சொல்லும் கடிகாரம் மாதிரி அது. பொதுவாக ஒவ்வொரு பாட்டுக்கும் டைம்கோடில் தனி மணிநேரம் ஒதுக்கிவிடுவோம். முதல் பாட்டு ஒரு மணியில் தொடங்கும், அடுத்தது இரண்டு மணியில். அப்படிக் கட்டிவைத்தால் ஏழாம் பாட்டைத் தூக்கி மூன்றாவதாகப் போடுவது பெரிய காரியமே இல்லை. புரோகிராம் செய்யாத பாட்டு வந்தாலும் திசை மாறும் மூவிங் லைட்டைக் கன்சோலில் கையாலேயே ஓட்டத் தெரிந்தவன் தாக்குப்பிடிப்பான்.

உண்மையில் கையைக் கட்டுவது வேறு. மெய்டன் 2018-இல் தொடங்கிய லெகசி ஆஃப் த பீஸ்ட் டூரை எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்த எடுப்பிலேயே மேடைக்கு மேல் ஒரு ஸ்பிட்ஃபயர் போர்விமானம், ஆளுயரத்தைவிடப் பல மடங்கு பெரிய உருவம், தொங்கும். 'ஏசஸ் ஹை' பாட்டுக்கு அது. மேடை முழுக்க ராணுவ வலை போர்த்தியிருக்கும். அந்தப் பகுதி முடிந்ததும் வண்ணக் கண்ணாடி ஜன்னல் வைத்த தேவாலயமாக மேடை மாறும், அதற்கப்புறம் நரகம். 'ஃப்ளைட் ஆஃப் இகாரஸ்' பாட்டில் பாடகர் புரூஸ் டிக்கின்சன் இரண்டு கையிலும் தீ பீய்ச்சுவார். போர்ப் பாட்டு ஒன்றை நரகத்துக்கு நடுவில் செருக வேண்டுமென்றால் திரை இறக்குகிறவன், தீயைக் கவனிக்கிறவன், மேலே தொங்கவிடுகிற ரிக்கிங் ஆள் என்று அத்தனை பேரும் தங்கள் வேலையை மாற்றி யோசிக்க வேண்டும். தீ விஷயத்தில் யாரும் அவசரத்தில் யோசிக்கக் கூடாது. போதாததற்கு, கம்பிகளுக்குச் சுருதி வைக்கும் ஒவ்வொரு டியூனிங்குக்கும் கிட்டார்களைப் பார்த்துக்கொள்ளும் கிட்டார் டெக் தனித்தனி கிட்டார் தயாராக வைத்திருப்பார். பாடகரின் தொண்டையும் இருக்கிறது: உச்சத்தில் கத்தும் மூன்று பாட்டை அடுத்தடுத்துப் போட்டால் நாளைக்கு ஷோ இருக்காது.

ஆகவே மெய்டன் மாற்றாததைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அடுத்தது, ஊர்க் கணக்கு. 2007 மார்ச் 17, பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ். மெய்டன் முதன்முறையாக இந்தியாவுக்கு வந்தது அன்றுதான். நான் வேலைக்குப் போகவில்லை, டிக்கெட் வாங்கிக் கூட்டத்தில் நின்றேன். முந்தைய ஆண்டு புது ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை அப்படியே மேடையில் வாசித்து, பழைய ரசிகர்கள் பலரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களிடம் வருவதற்குள் அதைப் பாதியாகக் குறைத்துப் பழைய பாட்டுகளைச் சேர்த்துவிட்டார்கள். கேசட் தேயத் தேயக் கேட்ட பாட்டுக்காக வடகிழக்கிலிருந்து ரயிலேறி வந்த பையன்கள் என் பக்கத்தில் நின்றார்கள். 'ஃபியர் ஆஃப் த டார்க்' ஆரம்பித்ததும் கிட்டார் மெட்டையே கூட்டம் வாயால் பாடியது. அதே பாட்டை முந்தைய ஊரில் வாசித்தார்களா என்று யாருக்கு அக்கறை? அன்று அதை எடுத்துவிட்டு யாருக்கும் தெரியாத ஒன்றை வாசித்திருந்தால் அது எங்களுக்குச் செய்த அநியாயம்.

நெட்டில் உட்கார்ந்து டூரை வரிசையாகப் பின்தொடர்கிறவனுக்குத்தான் நாற்பது ஊர் ஒரே ஷோவாகத் தெரியும். மைதானத்தில் நிற்கிற பெரும்பாலானவர்களுக்கு அன்றைய ராத்திரி மட்டும்தான். அதனால் என் அளவுகோல் இது: இதே ஊருக்குப் போன தடவை வந்தபோது என்ன வாசித்தோம்? மெட்டாலிகாவில் டிரம்மர் லார்ஸ் உல்ரிக்தான் செட்லிஸ்ட் எழுதுகிறவர். அந்த ஊரில் முன்பு வாசித்ததைப் பார்த்துத்தான் எழுதுவதாக அவரே சொல்லியிருக்கிறார். எனக்கு அந்தப் பழக்கம் எம்72 விதியைவிட உசத்தியாகப் படுகிறது.

ரசிகர்களிடமே விட்டால் என்ன ஆகும் என்பதையும் அவர்கள் செய்து பார்த்திருக்கிறார்கள். 2014-இல் டிக்கெட் வாங்கியவர்கள் ஓட்டுப் போட்டே பாட்டுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊருக்கு ஊர் வெவ்வேறு பட்டியல் வருமென்றுதானே நினைப்போம்? அநேகமாக எல்லா ஊரிலும் அதே பெரிய பாட்டுகள்தான் மேலே வந்தன. ஆனால் ஹெல்சின்கிக்காரர்கள் விடாப்பிடியாக ஓட்டுத் திரட்டி, 1988 ஆல்பத்தில் இருந்த 'த ஃப்ரேய்ட் எண்ட்ஸ் ஆஃப் சானிட்டி'யை மேலே கொண்டுவந்தார்கள். 26 வருடமாக மேடையில் முழுசாக வாசிக்காத பாட்டு. மே 28 அன்று முதல்முறையாக முழுசாக வாசித்தார்கள். பதினாறு பதினேழு பாட்டு எல்லாருக்கும் பிடித்தது, ஒன்று யாரும் எதிர்பார்க்காதது. அந்த விகிதம் எனக்குச் சரியாகத் தோன்றுகிறது.

அந்த ஒன்றிரண்டு திறந்த இடம் கூட்டத்தைவிட பேண்டுக்குத்தான் அதிகம் தேவை. கன்சோலிலிருந்து பார்க்கும்போது கண்கூடாகத் தெரியும். பழகிய பாட்டில் கிட்டார்காரரின் பார்வை கூட்டத்தின் மேல் இருக்கும், கை தன்பாட்டுக்கு ஓடும். அன்று மாலை, ஷோவுக்கு முன் ஒலியைச் சரிபார்க்கும் சவுண்ட் செக்கில், முடிவுசெய்த பாட்டு வந்துவிட்டால் அவர் பார்வை டிரம்மர் பக்கம் திரும்பிவிடும். பேஸ்காரர் இரண்டடி உள்ளே வருவார். நான்கு பேரும் நெருங்கி நிற்பார்கள், நான் ஸ்பாட்டைக் குறுக்கிக்கொள்வேன். அதற்கடுத்து வரும் பழைய பாட்டுகூட வேறு மாதிரி ஒலிக்கும்.

கேசட் பெட்டி:

அண்ணா, ஊர்க் கணக்கு நியாயமாத்தான் இருக்கு. ஆனா நீங்க பேசறது திறமா ஒத்திகை பார்த்து வாசிக்கிற பேண்டுகளைப் பத்தி. நான் கலிஃபோர்னியால இருக்கேன், இந்த ஊர் ராக் பேண்டு கிரேட்ஃபுல் டெட் மேல பைத்தியம். 1965-லேர்ந்து அவங்க கிட்டார்காரர் ஜெர்ரி கார்சியா இறந்த 1995 வரைக்கும் சுமார் 2,300 கச்சேரி. அடுத்து என்ன பாட்டுன்னு மேடையிலேயே முடிவாகும். ஒரு பாட்டு முடியாமலே இன்னொண்ணுக்குள்ள கரைஞ்சு போகும். அதனாலதான் ஜனங்க மைக்கைத் தூக்கிட்டு ஊர் ஊராப் பின்னாடியே போனாங்க. 1984-ல பேண்டே, பதிவு பண்றவங்களுக்குன்னு அரங்கத்துல தனி இடம் ஒதுக்கிடுச்சு. இன்னிக்கு இன்டர்நெட் ஆர்க்கைவ்ல ஆயிரக்கணக்குல இருக்கு, இலவசமாவே கேட்கலாம்.

1977 மே 8, கார்னெல் பல்கலைக்கழகத்தோட பார்ட்டன் ஹால் கச்சேரியைக் கேளுங்க. 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' எங்க முடியுது, 'ஃபயர் ஆன் த மவுண்டன்' எங்க ஆரம்பிக்குதுன்னு கையை வச்சு சொல்ல முடியாது. அந்தப் பதிவை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமே தன்னோட தேசியப் பட்டியல்ல சேர்த்துப் பாதுகாக்குது. வரிசையை எழுதி ஒட்டிவச்ச பேண்டுலேர்ந்து அந்த மாதிரி ராத்திரி வராதுன்னு நான் உறுதியா நம்பறேன்.

அதுக்கு ஒரு விலை உண்டு, மறைக்கல. மோசமான ராத்திரிகளும் இருக்கு. வரி மறந்து, சுருதி விலகி, நடுவுல எல்லாரும் திணறுறதைக் கேட்கலாம். எனக்கு அதுவும் வேணும். அது இல்லாம இது கிடைக்காது.

ஃபிஷ்ங்கிற அமெரிக்க பேண்டு 2017-ல நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல 13 ராத்திரி வாசிச்சாங்க. ஒரு பாட்டுகூட ரெண்டாவது தடவை வரல. மொத்தம் 237 பாட்டு. தம்பிக்கு மெட்டாலிகாவோட ரெண்டு ராத்திரியே பெருசாப் பட்டிருக்கு, அதான் சொல்றேன்.

தில்லைநகர்:

ரெண்டு பேரும் விட்ட ஒன்று. 1980–81இல் பிங்க் ஃப்ளாய்ட் 'த வால்' ஆல்பத்தை மேடையேற்றினார்கள். கச்சேரியின் முதல் பாதி முழுக்க, பேண்டுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் அட்டைச் செங்கலை அடுக்கிக்கொண்டே வருவார்கள். இடைவேளைக்குள் பேண்டு மறைந்துவிடும். வரிசையில் ஒரு பாட்டைக்கூட அசைக்க முடியாது, கதையே அதுதான். அப்படியும் அதற்குள் நீட்டிச் சுருக்குகிற இடம் ஒன்று இருந்தது. சுவர் எழுப்புகிறவர்கள் பின்தங்கினால் முதல் பாதிக் கடைசியில் ஒரு வாத்திய இசையை, செங்கல் தீரும்வரை, வாசித்துக்கொண்டே இருப்பார்கள். பிற்பாடு அது 'த லாஸ்ட் ஃப்யூ பிரிக்ஸ்' என்ற பெயரிலேயே அந்தக் கச்சேரிகளின் நேரடிப் பதிவு ஆல்பத்தில் வந்தது.

அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனையும் பாருங்கள். 2013 ஜூலையில் லைப்சிக்கில் கூட்டத்திலிருந்து பாட்டு கேட்டு எழுதிய ஒரு அட்டையைப் பிடுங்கி, சக் பெர்ரியின் 'யூ நெவர் கேன் டெல்' வாசிக்கலாம் என்கிறார். எந்தச் சுருதி என்று மேடையிலேயே பாடிப் பார்க்கிறார், ஊதுகிறவர்களுக்கு மெட்டை வாயால் சொல்லித்தருகிறார், பிறகு வெளுத்து வாங்குகிறார்கள். வீடியோ இருக்கிறது. அதே மனிதர் 2023 டூரில் வரிசையைப் பெரிதாக மாற்றவில்லை என்று ரசிகர்கள் குறைப்பட்டார்கள். அவருடைய முதல் பேண்டில் அவரைத் தவிர மிஞ்சியிருந்த கடைசி ஆள் 2018-இல் இறந்துபோனார். அந்தச் சாவைப் பற்றிய பாட்டு கச்சேரியின் நடுவில் வந்தது, தனியாக கிட்டாரோடு நின்று 'ஐ'ல் சீ யூ இன் மை ட்ரீம்ஸ்' பாடுவது கடைசியில். சாவைப் பற்றிப் பேச வந்தவர் அந்த வரிசையைக் காப்பாற்றினார். சொல்வதற்கு ஒன்று இருக்கிற பேண்டு மாற்ற வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

மேடை வெளிச்சம்:

தில்லைநகர், அந்தச் செங்கல் விஷயம் அருமை. மேடைக்குப் பின்னால் இருக்கிறவர்களுக்காக பேண்டு காத்திருந்தது என்பதே எனக்குப் பெரிய செய்தி.

கேசட் பெட்டி, மோசமான ராத்திரி உங்களுக்குச் சரி, உங்களுக்கு அடுத்த வாரமும் ஒரு கச்சேரி உண்டு. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை பார்க்க வாய்ப்புள்ள ஊர்க்காரனுக்கு அதைக் கொடுக்க எனக்கு மனசு வராது. கார்னெல் பதிவை இன்று ராத்திரியே கேட்கிறேன்.

நாலு கம்பி:

எல்லாருக்கும் நன்றி. ஊர்க் கணக்கை எங்க டிரம்மர்கிட்ட படிச்சுக் காட்டினேன், அதுக்கு மட்டும் தலையாட்டினார். அண்ணா, எங்க நிலைமையையும் சொல்லிடறேன். பப்ல நாற்பத்தஞ்சு நிமிஷம். ஒன்பது பாட்டு. அதே முப்பது நாற்பது முகம்தான் ஒவ்வொரு தடவையும் வருது. ரெண்டு பாட்டுல முன்னாடியே பதிவு பண்ணின பேக்கிங் ட்ராக் கூடவே ஓடும். நாங்க என்ன பண்ணலாம்?

மேடை வெளிச்சம்:

அதே முகங்கள் என்றால் உங்கள் ஊர் அந்த நாற்பது பேர்தான், தம்பி. நீங்கள் கட்டாயம் மாற்ற வேண்டியவர்கள்.

முதல் இரண்டையும் கடைசி இரண்டையும் தொடாதீர்கள். ஷோ எப்படித் தொடங்குகிறது, எப்படி முடிகிறது என்பது பேண்டுக்குத் தூக்கத்திலும் தெரிந்திருக்க வேண்டும். பேக்கிங் ட்ராக் ஓடுகிற இரண்டையும் அந்த நான்குக்குள் கொண்டுவந்துவிடுங்கள். நடுவில் ஐந்து இடம் மிச்சம். அதற்கு எட்டுப் பாட்டு தயாராக வைத்திருங்கள். தயார் என்றால் அரைகுறையாக இல்லை, நடுராத்திரியில் எழுப்பினாலும் வாசிக்கிற மாதிரி. அன்றன்றைக்கு எட்டில் ஐந்து. ஒரே டியூனிங் உள்ள பாட்டுகளை ஒட்டி ஒட்டிப் போடுங்கள், இல்லையென்றால் நீங்கள் கம்பியின் பெக்கைத் திருகிக்கொண்டு நிற்பதைக் கூட்டம் வேடிக்கை பார்க்கும். பாடுகிறவரிடம் அன்று தொண்டை எப்படி என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

போன தடவை வாசித்த வரிசையை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவையுங்கள். அந்த பப்பில் லைட், சவுண்ட் பார்க்கிற பையனுக்கும் ஒரு தாள் கொடுங்கள், மேடை ஏறுவதற்கு முன்னால். எந்தப் பாட்டு மெதுவானது, சோலோ யாருடையது என்று பக்கத்தில் குறித்துக் கொடுத்தால் போதும், அவன் பார்த்துக்கொள்வான்.