கடலோரச் சில்லருக்குத் தானியங்கி வலைத்துப்புரவு தேவையா?

குளச்சல் பராமரிப்பாளர்:
எங்கள் மீன் பதப்படுத்தும் கூடம் குளச்சலுக்கு அருகே, கடலிலிருந்து கூப்பிடு தொலைவில் இருக்கிறது. மாடியில் நிற்கும் இரண்டு சில்லர்களும் (குளிர்விக்கும் இயந்திரங்கள்) காற்றால் குளிர்பவை. பக்கத்தில் தும்பு (தேங்காய் நார்) ஆலை இருப்பதால், வெப்பத்தை வெளியேற்றும் பகுதியான கண்டென்சரின் காற்று நுழையும் முகத்தில் வலைச் சட்டங்கள் பொருத்தியிருக்கிறோம். தும்புத்தூள் வலையை அடைத்துவிட்டால் நண்பகலில் அழுத்தம் ஏறி இயந்திரம் ‘ஹை பிரஷர்’ காட்டி நின்றுவிடுகிறது. வலையின் மேல் பிரஷ் ஏறி இறங்கித் தூசியை உறிஞ்சியெடுக்கும் தானியங்கிக் கருவியை ஒரு நிறுவனத்தார் பரிந்துரைக்கிறார்கள். வாங்குவதா, ஆளை வைத்தே துடைப்பதா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

ஆரல்வாய்மொழிப் பொறியாளர்:
தயங்காமல் வாங்குங்கள், ஐயா. இயந்திரம் டிரிப் ஆகி நிற்பது கண்ணுக்குத் தெரியும் இழப்பு. அதற்கு முன்பே பல நாட்களாக மின்கட்டணத்தில் போய்க்கொண்டிருப்பது தெரியாத இழப்பு. கண்டென்சருக்குக் காற்று குறைந்தால் உள்ளே ஓடும் குளிரூட்டி வாயு திரவமாகும் வெப்பநிலை உயர்கிறது, அது ஒரு பாகை உயர்ந்தாலே வாயுவை அழுத்தும் கம்ப்ரசர் ஏறத்தாழ 2 முதல் 3 விழுக்காடு கூடுதல் மின்சாரம் இழுக்கும். ஆர்-134ஏ என்ற குளிரூட்டி வாயு 50 பாகையில் ஏறத்தாழ 13 பார் அழுத்தத்தில் திரவமாகிறது. 60 பாகைக்குப் போனால் அது 17 பாரை நெருங்கும். வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும் என்று பதிவேட்டில் எழுதிவைப்பது எளிது. சரக்கு குவிந்திருக்கும் நாளில் மாடியேறி வலையைக் கழற்ற யாருக்கும் நேரம் இருப்பதில்லை. மலைக்கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் எங்கள் பக்கம் காலையில் துடைத்த வலை மாலைக்குள் மண்நிறமாகிவிடும். அந்த வேகத்துக்கு மனிதக் கை ஈடுகொடுக்காது.

கோணம் குளிர்பதனர்:
ஆரல்வாய்மொழியில் சரியான விடை குளச்சலிலும் சரியாக இருக்கும் என்று கொள்வதைத்தான் மறுக்கிறேன். கணவாயின் கிழக்கே வருவது உலர்ந்த மண்தூசி. தட்டினால் உதிரும், உறிஞ்சினால் வரும். குளச்சலில் தும்புத்தூளோடு உப்பும் சேர்ந்து வருகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் சமையல் உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துக் கரைசலாகிவிடும்; நம் மேற்குக் கடற்கரையில் இரவுகளில் அந்த அளவு இயல்பாகவே எட்டிவிடுகிறது. அந்தக் கரைசலில் ஊறிய தும்புத்தூள் பகல் வெயிலில் காய்ந்து வலைக்கண்ணில் இறுகிய பிறகு பிரஷ் அதைப் பெயர்க்காது, தேய்த்துப் பரப்பும்.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. கடற்காற்றின் உப்புத்துளிகள் மிக நுண்ணியவை. வலைக்கண் அவற்றை நிறுத்துவதே இல்லை. அவை உள்ளே போய்ச் செப்புக்குழாயும் அலுமினிய ஃபின்னும் (மெல்லிய தகடு) சேரும் இடத்தில் படிந்து, ஈரம் கிடைத்ததும் அலுமினியத்தை அரிக்கின்றன. வலை பளிச்சென்று இருக்கும்போதே ஃபின் பொடியாகிக்கொண்டிருக்கும். தானியங்கிக் கருவி வந்துவிட்டது என்ற நிம்மதியில் கண்டென்சரைக் கழுவுவதை நிறுத்திவிட்ட இடங்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

ஆரல்வாய்மொழிப் பொறியாளர்:
உப்பைப் பற்றி நீங்கள் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை, அண்ணாச்சி. ஆனால் அவர் கேட்டது தும்பு அடைப்பைப் பற்றி. தூள் இறுகுவதற்கு ஓர் இரவு வேண்டும் என்று நீங்களே சொல்கிறீர்கள்; மாலையில் ஈரம் ஏறுவதற்கு முன்பே கருவி ஒருமுறை ஓடி அதை எடுத்துவிட்டால் இறுகுவதற்கு வலையில் என்ன மிஞ்சும்? வாரம் ஒருமுறை வரும் ஆளால் செய்ய முடியாததும், நாள்தோறும் குறித்த வேளையில் ஓடும் கருவியால் மட்டுமே முடிவதும் இதுதான்.

கோணம் குளிர்பதனர்:
மாலையில் ஓட்டுவது நல்ல யோசனை, வெயிற்காலத்துக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனி, ஆடி மாதங்களில் பகலிலேயே மழையும் கடற்காற்றும் சேர்ந்து வரும்போது ஈரம் ஏறுவதற்கு முந்தைய வேளை என்று ஒன்று இருக்காது. கருவியின் தண்டவாளம், சங்கிலி, மோட்டார் எல்லாம் அதே உப்புக்காற்றில்தான் நிற்கப் போகின்றன. பிரஷ் பாதி வழியில் இறுகி நின்றால் காற்று நுழையும் முகத்தை அதுவே மறைத்துக்கொண்டு நிற்கும். வலைக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டை அளந்து ஓடும் வகையை வாங்கினால், சென்சரின் சிறு குழாயில் குளவி மண்கூடு கட்டினாலே கணக்கு தப்பிவிடும். அழுத்தக் காற்றைத் திடீரெனப் பீய்ச்சித் தூசியை உதறும் முறையை யாராவது சொன்னால் அதையும் ஏற்காதீர்கள். அது மடிப்புத்தாள் வடிகட்டிகளில் உலர்தூசி படியும் இடத்துக்கு உரியது.

தேங்காப்பட்டணம் மின்பணியாளர்:
விசிறியைச் சிறிது நேரம் எதிர்த்திசையில் சுழற்றினால் உலர்ந்த தும்பு வெளியே விழுந்துவிடும். மூன்று ஃபேஸில் இரண்டை மாற்றித் தரும் கான்டாக்டர் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சு) போதும். விசிறி முழுவதும் நின்ற பிறகே திசை மாறும்படி கால இடைவெளி வைப்பதும், அப்போது கம்ப்ரசர் ஓடாமல் தடுப்பதும் கட்டாயம். சில்லர் நிறுவனத்தாரின் ஒப்புதல் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது.

குளச்சல் பராமரிப்பாளர்:
அனைவருக்கும் நன்றி. கருவியை முதலில் ஒரு சில்லருக்கு மட்டும், மாலை ஓட்டத்தோடு, சோதனையாகக் கேட்கிறேன். மற்றதில் ஆளே துடைப்பார். இரண்டிலும் வெளிக்காற்றின் வெப்பநிலையையும் கண்டென்சர் அழுத்தத்தையும் ஒரே வேளையில் குறித்துவருவோம். கழுவுவதை எதிலும் நிறுத்தப் போவதில்லை.

கோணம் குளிர்பதனர்:
அப்படியானால் இரண்டு திருத்தங்கள் சொல்கிறேன். தும்பு ஆலையைப் பார்த்து நிற்கும் சில்லரையும் கடலைப் பார்த்து நிற்கும் சில்லரையும் அப்படியே ஒப்பிட்டால் கிடைக்கும் எண்ணுக்குப் பொருளில்லை. பாதிக் காலம் கழிந்ததும் கருவியை மற்றதற்கு மாற்றிப் பொருத்துங்கள், சுமையும் இரண்டிலும் சமமாக இருக்கட்டும். கழுவும்போது கூடத்தின் கிணற்று நீரைப் பயன்படுத்தாதீர்கள். கடலோரக் கிணறு உவர்ப்பாக இருந்தால் நீங்களே ஃபின்னில் உப்பை ஏற்றுவதாகிவிடும். மழைநீரையோ குடிநீரையோ, குறைந்த அழுத்தத்தில், காற்று வெளியேறும் பக்கத்திலிருந்து நுழையும் பக்கம் நோக்கி விடுங்கள். வலையைக் கழற்றிவைத்துவிட்டுக் கழுவுங்கள்.