கஞ்சன்ஜங்கா: உச்சியை மிதிக்காதவர்களை ஏறியவர்கள் என்று சொல்லலாமா?

குன்னூர் மலையேறி:
1955 மே 25 அன்று சிக்கிம்-நேபாள எல்லையிலுள்ள கஞ்சன்ஜங்காவில் (8,586 மீட்டர்) முதலில் ஏறியவர்கள் ஜோ பிரவுன், ஜார்ஜ் பேண்ட் என்றுதான் எல்லாப் பட்டியலும் சொல்கிறது. ஆனால் புனிதமான அந்த மலையின் உச்சியை மிதிப்பதில்லை என்று சிக்கிம் அரசருக்குக் கொடுத்த வாக்குக்காக உச்சிக்குச் சில அடி முன்னாலேயே இருவரும் நின்றுவிட்டார்கள். வாக்கை மதிக்கிறேன். பட்டியலுக்கு ஒரே அளவுகோல் வேண்டாமா? நேபாளத்தின் மனாஸ்லு சிகரத்தில் உண்மையான உச்சி இன்னும் தள்ளி இருப்பதைக் காட்டும் ட்ரோன் படம் 2021-ல் வந்ததும், அதற்கு முந்தைய முன்உச்சியோடு திரும்பிய எத்தனை பேரின் ஏற்றத்தைக் கேள்வி கேட்டோம்!

கோத்தகிரி வாசகி:
அண்ணா, மனாஸ்லுவை இங்கே இழுப்பது நியாயமே இல்லை. அங்கே மிச்சமிருந்தது கூரான, ஆபத்தான பனி முகடு. கடினமான பகுதியை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். கஞ்சன்ஜங்காவில் நேர்மாறு. உச்சிக்குச் சற்றுக் கீழே செங்குத்தான பாறைப் பிளவு ஒன்று. அந்த உயரத்தில் ஆக்சிஜன் சிலிண்டரைச் சுமந்துகொண்டு பிரவுன் அதில் ஏறினார். அதற்கு மேல் சும்மா நடந்தே போயிருக்கலாம். முடியாமல் நிற்பதும் முடிந்தும் நிற்பதும் ஒன்றா? மறுநாள் போன நார்மன் ஹார்டியும் டோனி ஸ்ட்ரேதரும் பிளவைச் சுற்றிச் சுலபமான வழியே கண்டுபிடித்தார்கள். அப்படியும் உச்சியைத் தொடவில்லை. 1977-ல் கர்னல் நரிந்தர் குமார் தலைமையில் சிக்கிம் பக்கமிருந்து ஏறிய நம் ராணுவக் குழுவும் அப்படியே செய்தது.

கூடலூர் தம்பி:
அக்கா, 2001-லிருந்து சிக்கிம் பக்கம் ஏறவே தடை. நேபாளப் பக்கம் திறந்துதான் கிடக்கிறது, அங்கிருந்து போகிறவர்கள் உச்சியில் ஏறி நிற்கவும் செய்கிறார்கள். அப்புறம் இந்த வாக்கால் மலைக்கு என்ன பாதுகாப்பு?

கோத்தகிரி வாசகி:
தம்பி, நம்ம நீலகிரி முக்கூர்த்தியையே எடுத்துக்கொள். இறந்தவர்களின் ஆன்மா மறுஉலகம் போவது அந்தச் சிகரம் வழியாகத்தான் என்பது தோடர்களின் நம்பிக்கை. யாரோ ஒருவர் மேலே போய்ப் படம் எடுத்துவிட்டார் என்பதற்காக, அதை மதித்துக் கீழேயே நிற்பவர் செய்தது வீணாகிவிடுமா? வாக்குக் கொடுத்தவர் அதைக் காப்பாற்றினாரா என்பதுதான் கேள்வி. ஊரில் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பது அந்தக் கணக்கில் வராது.

குன்னூர் மலையேறி:
சரிம்மா, பெயரை நீக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் 'உச்சிக்கு முன் நின்றனர்' என்று ஒரு குறிப்பு வேண்டும் என்பதில் மட்டும் நான் மாறமாட்டேன். பதிவு என்றால் நடந்தது நடந்தபடி இருக்க வேண்டும்.

கோத்தகிரி வாசகி:
தாராளமாகப் போடுங்கள். ஏன் நின்றார்கள் என்பதும் அதே வரியில் வர வேண்டும். மனாஸ்லுவுக்கும் இதற்கும் ஒரே நட்சத்திரக் குறி போட்டால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.